கொல்லைக் காய்கறிக்கு இயற்கை வழியா, உரமும் மருந்துமா? டெல்டா வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஆடி பிறக்கப் போகிறது என்றாலே இந்தக் கேள்வி தவறாமல் வரும். "கொல்லையில் நாலு பாத்தி காய்கறி போடலாம் என்றிருக்கிறோம். முழுக்க இயற்கையாகவே போகலாமா, இல்லை உரம், மருந்து என்று கொஞ்சமாவது போட்டால்தான் காய் வருமா?" கேட்பவர்கள் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. யூரியா பட்டாலே மண் செத்துவிடும் என்கிறார் ஒருவர். சாணியை மட்டும் நம்பி முழுசாக ஒரு கத்தரிக்காய் பறித்துக் காட்டு பார்க்கலாம் என்கிறார் அடுத்தவர். இரண்டு பேருமே அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் வயல் அனுபவம். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்துக்குச் சரிப்படுவது, ஒரு சென்ட் அளவுள்ள மூன்று குழிக் கொல்லைக்கும் சரிப்படும் என்று சொல்ல முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை, ரசாயனம் என்று இரண்டு மூட்டையாகக் கட்டி வைத்து ஒன்றைத் தூக்கச் சொல்வதால்தான் பலரால் முடிவெடுக்க முடியவில்லை. மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கும். செடிக்குச் சத்து எங்கிருந்து வரும் என்பது உரக் கேள்வி. பூச்சி வந்தால் என்ன செய்வது என்பது மருந்துக் கேள்வி. உரம் போடுகிறவர் மருந்தும் அடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. வீட்டுத் தோட்டத்தில் மருந்து வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. உரத்தில் அவ்வளவு கறாராக நிற்க மாட்டேன். மண்ணைப் பார்த்துத்தான் சொல்வேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் மண். டெல்டா என்றால் எல்லா இடமும் ஒரே வண்டல் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் பழைய டெல்டாவின் களிமண். மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் போனால் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும். அதில் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் மணலும், போர் தண்ணீரில் உப்பும்.

இது போக, யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு மண் இருக்கிறது: புது வீட்டு மனை. வெள்ளத்துக்குப் பயந்து மனையை மேடாக்கித்தான் இங்கே வீடு கட்டுகிறோம். எங்கிருந்தோ லாரியில் வந்த சவுடு, கட்டட இடிபாடு, சிமெண்டுத் தூள், உடைந்த செங்கல் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரு முழம் தோண்டினாலும் மண்புழு தட்டுப்படாது. "இயற்கை முறையில் போட்டேன், ஒன்றும் வரவில்லை" என்று சொல்பவர்களிடம் வீடு கட்டி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது பட்டம், அதாவது விதைக்கும் பருவம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடினால்தான் கிணறும் அடிபம்பும் ஊறும். ஆடிப்பட்டத்தில் போட்டது ஐப்பசி அடைமழைக்குள் நன்றாகக் காய்த்து முடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டும் பாத்தியில் எந்த முறையும் எடுபடாது. மேட்டுப்பாத்திதான் ஒரே வழி. முதன்முதலாகப் போடுகிறவர்களுக்கு நான் தைப்பட்டத்தைத்தான் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மண்ணில் ஈரம் இருக்கும்.

மூன்றாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பறிக்கப் போகிறீர்கள் என்பது. சின்ன விஷயமாகத் தெரியும். மருந்து பற்றிய முடிவு இதில்தான் இருக்கிறது. அங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் உங்கள் நேரம், கைக்காசு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. தவழும் குழந்தை, கொல்லையில் மேயும் கோழி, கட்டியிருக்கும் மாடு, பின்பக்கம் குளமோ வாய்க்காலோ. எல்லாம் கணக்குதான்.

## வழி ஒன்று: முழுக்க இயற்கை

இதற்கு முதுகெலும்பு எரு. எவ்வளவு எரு என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரி, வெண்டை, தக்காளிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் சொல்கிறது. ஒரு சென்ட்டுக்கு அதைச் சுருக்கினால் 100 கிலோ. தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, மூன்று குழி ஏறக்குறைய ஒரு சென்ட். ஆக மூன்று குழிக் கொல்லைக்கு 100 கிலோ மக்கிய எரு. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு அன்னக்கூடை எருவைத் தூவிவிட்டு, வாரம் ஒருமுறை பஞ்சகவ்யம் தெளித்தால் போதும் என்று நம்புகிறோம். பஞ்சகவ்யம் நல்ல ஊக்கிதான். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது மூன்று சதவீதம் என்ற அளவில் தெளித்தால் செடி துளிர்க்கும். ஆனால் அது எருவின் இடத்தை நிரப்பாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: இந்த 25 டன் எரு, ரசாயன உரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பரிந்துரையில்தான் இருக்கிறது. எருவை அடியில் போட்டு அதற்கு மேல்தான் உரம். "உரம் போடுகிறவனுக்கு எரு எதற்கு" என்பது பல்கலைக்கழகம் சொன்னதில்லை. நாமாகச் சுருக்கிக்கொண்டது அது.

தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் அரை சதவீதம். நூறு கிலோவில் அரைக் கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் என்பதால், அந்த நூறு கிலோ எருவில் இருப்பது ஒரு கிலோ சொச்சம் யூரியாவுக்குச் சமம். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), நுண்சத்து, மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கு எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. எருவில் உள்ளதில் ஒரு பங்குதான் முதல் பருவத்தில் செடிக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல மெல்ல வரும். இயற்கை வழி முதல் பருவத்தில் மெலிந்து தெரிவதும், மூன்றாம் வருஷம் பார்த்தால் பாத்தி கறுத்துச் செழிப்பாக நிற்பதும் இதனால்தான்.

டெல்டாவில் இந்த வழிக்கு மூலப்பொருள் பஞ்சம் கிடையாது. வைக்கோல், வாழை மட்டை, பூவரசந்தழை, வேப்பந்தழை, கொழிஞ்சி, தென்னை மட்டை, குளத்தில் மண்டிக்கிடக்கும் ஆகாயத்தாமரை என்று எல்லாமே மக்கினால் எருதான். களிமண்ணைத் திருத்த இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. கடலோர உப்பு மண்ணுக்கும் அப்படியே. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்கும் வேலையில், தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா முன்நின்றார். அங்கே கைகொடுத்தது பசுந்தாளும் இலைதழையும்தான். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும்; மடக்கிப் போட்டால் மண்ணுக்கு உணவாகும்.

பூச்சிக்கு என்ன செய்வது? கத்தரியைப் பாருங்கள். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற செடியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் வாடித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவோம். அந்தக் கொழுந்தைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். நடுத்தண்டு குடைந்து கிடக்கும். கறுப்பாகக் கழிவு அடைத்திருக்கும், அதற்குள் இளஞ்சிவப்பில் சின்னப் புழு நெளியும். காயைத் துளைப்பதும் இதே புழுதான். வாடிய கொழுந்தைத் தினம் காலையில் ஒரு சுற்று சுற்றிக் கிள்ளி எடுத்து, எருக்குழியில் வீசாமல் அழித்துவிட்டால் காய்க்குப் போகும் புழு பெருமளவு குறையும். ஏக்கர் கணக்கில் கத்தரி போட்டவரால் இதைச் செய்ய முடியாது. இருபது செடி வைத்திருக்கும் வீட்டில் காபி குடிக்கும் நேரத்துக்குள் முடியும் வேலை.

அதற்கு மேல் வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி நிழலில் காயவைத்துக்கொண்டால் செலவு ஒன்றுமில்லை. மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈயைப் பிடிக்கும். பாகல், புடலைக்குப் பழ ஈப் பொறி வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் இருக்கிறது. பெரியது நேரம்: கரைசல் தயாரிப்பதும், தினம் சுற்றிப் பார்ப்பதும், கிள்ளுவதும். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்துத் திரும்பினால் மாவுப்பூச்சி வெண்டையைப் போர்த்தியிருக்கும். இரண்டாவது, எரு. மாடு குறைந்துபோன தெருக்களில் நல்ல மக்கிய எரு கிடைப்பதே சிரமம். மக்காத சாணியை வாங்கிப் போட்டால் கோரையும் புல்லும் விதையாக வந்து சேரும். டெல்டாவில் இதில் கூடுதல் ஆபத்து ஒன்று. மக்காத குப்பைக் குழியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே பெருகி உங்கள் தென்னையின் குருத்தைக் குடையும். எருக்குழியைக் கிளறும்போது கையகலப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

மூன்றாவது, கடையில் 'ஆர்கானிக்' என்று எழுதி விற்கும் பாட்டில்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதாததற்குக் காசு கொடுக்காதீர்கள். இயற்கை என்பதாலேயே எல்லாம் சாதுவும் ஆகிவிடாது. புகையிலைக் கரைசல் நிகோட்டின் விஷம். அதைக் கீரையில் தெளிப்பது தப்பு. பச்சைச் சாணிக் கரைசலைப் பறிக்கப்போகும் கீரை மேல் ஊற்றினால் வயிற்றுப்போக்கை வீட்டுக்கு அழைப்பதாகும். வேரில்தான் ஊற்ற வேண்டும். அடுப்புச் சாம்பலைக் கடலோரக் கார மண்ணில் அள்ளிப் போட்டால் காரம் இன்னும் ஏறும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வீட்டில் தினம் அரை மணி நேரம் தோட்டத்தில் நிற்க ஆள் இருப்பவர்களுக்கு, எரு கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு, களிமண்காரர்களுக்கு, உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு. பழைய கொல்லை, நாலு தலைமுறைக் குப்பை விழுந்த மண் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

## வழி இரண்டு: உரமும் மருந்தும்

உரத்தின் பலம் வேகம். இலை வெளிறி நிற்கும் செடிக்கு அளவாக யூரியா கொடுத்தால் சில நாளிலேயே பச்சை பிடிக்கும். பணத்திலும் மலிவு. 45 கிலோ யூரியா மூட்டையின் அரசு விலை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஆறு ரூபாய் வாக்கில் வருகிறது. எந்தப் புண்ணாக்கும் இந்த விலைக்குப் பக்கத்தில் வராது.

ஆனால் அளவைப் பாருங்கள். சாதாரண ரகக் கத்தரிக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, பாதி நடும்போது, பாதி ஒரு மாதத்தில் என்பது பரிந்துரை. ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால், யூரியாவாக மட்டுமே கொடுத்தாலும் மொத்தம் 900 கிராமைத் தாண்டாது. இரண்டடி இடைவெளியில் ஒரு சென்ட்டில் நூற்றுச் சொச்சம் செடி நிற்கும். அப்படியானால் ஒரு செடிக்கு மொத்தப் பருவத்துக்கும் எட்டு கிராம்: நடும்போது ஒரு தேக்கரண்டி, ஒரு மாதம் கழித்து ஒரு தேக்கரண்டி. நம் வீடுகளில் நடப்பது என்ன? வயலுக்கு வாங்கிய மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளித் தூரில் போடுகிறோம். ஒரு பருவத்துக்கான அளவைப் போல பல மடங்கு ஒரே பிடியில் போய்விடுகிறது. செடி கருகும்; கருகாவிட்டால் தளதளவென்று இலையாக வளரும். அந்த இளசான இலைக்குத்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் கூட்டமாக வரும். உடனே மருந்து தேடிப் போவோம். "உரம் போட்டால் மருந்தும் அடித்துத்தான் ஆகணும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

உரத்தில் மறைந்திருக்கும் செலவு இன்னும் சில. களிமண்ணில் எரு இல்லாமல் உரம் மட்டுமே போட்டுவந்தால் மக்கு குறைந்து மண் இறுகும். மணல் மண்ணில் போட்ட யூரியா அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். கொல்லையில்தான் அடிபம்பும் இருக்கிறது என்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள். மாடித் தொட்டியில் உரம் அதிகமானால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கடலோரத்தில் ஏற்கெனவே உப்பு, உரமும் உப்புதான்.

இனி மருந்து. பறிக்கும் இடைவெளி என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று உண்டு. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். கத்தரி, கொத்தவரை, மிளகாயும் தொடர்ந்து காய்ப்பவைதான். ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய மருந்தை அடித்தால் அந்த வாரத்துக் காய் முழுவதையும் பறித்துக் கொட்ட வேண்டும். கொட்டுகிறவர் யார்? கண்ணெதிரே பளபளவென்று காய்த்திருப்பதை நாலு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் குழம்பில் போட்டுவிடுவோம். வீட்டுத் தோட்டத்தில் காத்திருப்பு நாளைக் கடைப்பிடிப்பது நடைமுறையில் நடக்காத காரியம். கீரைக்குச் சொல்லவே வேண்டாம். 25 நாள் பயிரில் மருந்து அடித்துவிட்டு எப்போது காத்திருப்பது?

எந்த மருந்து என்பது அடுத்த சிக்கல். உரக்கடையில் "கத்தரியில் புழு" என்று கேட்டால், பெரும்பாலும் நெல்லுக்கு வாங்கியதில் மிச்சம் இருப்பதுதான் கைக்கு வரும். இல்லாவிட்டால் வயலுக்கு அடித்துவிட்டு அரைப் பாட்டில் வீட்டிலேயே இருக்கும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் கத்தரியில் அது அடிக்கப்பட்டதை டெல்டாவில் பார்க்காதவர்கள் குறைவு. நெல்லுக்கும் வாழைக்கும் போடும் குருணை மருந்தைச் செடித் தூரில் போடுவது இன்னும் மோசம். அது வேர் வழியாக உள்ளே ஏறி நிற்கும். கழுவினால் போகாது.

பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் அதிலேயே குறைந்தது. பச்சை முக்கோணம் என்பது விஷமே இல்லை என்று அர்த்தமல்ல.

கொல்லையில் வேறு உயிர்களும் இருக்கின்றன. பாகல், பூசணி, சுரை காய்க்க வேண்டுமானால் தேனீ வர வேண்டும். காலையில் பூ விரிந்திருக்கும்போது மருந்து அடித்தால் தேனீ விழும். பூ பிஞ்சாகாமல் உதிரும். சத்துக் குறைவு என்று நாம் இன்னும் கொஞ்சம் உரம் போடுவோம். சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். தெளிப்பானைக் கொல்லைக் குளத்தில் கழுவினால் கெண்டைக்குஞ்சுகள் மிதக்கும்.

இதற்கெல்லாம் மேலே, எட்டும் இடத்தில் ஒரு மருந்து பாட்டில் இருப்பதே வீட்டுக்கு ஆபத்து. குழந்தைகள் மட்டும் காரணமில்லை. ஒரு நிமிடக் கோபத்தில், மனக்கஷ்டத்தில் போன உயிர்கள் நம் ஊர்த் தெருக்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். நாலு கத்தரிக்காய்க்காக அந்தப் பாட்டில் நம் வீட்டு எரவாணத்தில் இருக்கத் தேவையில்லை.

இந்த வழி பொருந்துகிற இடம் என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், அது வீட்டுத் தோட்டத்தைத் தாண்டியது. அரை ஏக்கரில் சந்தைக்குப் போடுகிறவர், காத்திருப்பு நாளைக் கணக்கு வைத்துக்கொள்பவர், தனி மருந்தறை, தனித் தெளிப்பான், கையுறை, முகக்கவசம் வைத்திருப்பவர். அவருடைய கணக்கு வேறு.

## வழி மூன்று: எருவோடு அளவான உரம், மருந்து கிடையாது

இதை 'அரைகுறை இயற்கை' என்று சிலர் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேடாக்கிய புது மனையில் முதல் பருவம் போடுகிற வீட்டுக்கு நான் துணிந்து சொல்வது இதைத்தான். நூறு கிலோ எருவை அடியில் போடுங்கள். அந்த மண்ணில் நுண்ணுயிர் பெருகி, எரு மக்கிச் செடிக்குக் கிடைக்கும்வரை, டி.ஏ.பி. கொஞ்சமும் யூரியா மேலே சொன்ன தேக்கரண்டி அளவிலும் துணைக்கு இருக்கட்டும். டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46 சதவீதம். வேர் பிடிக்க மணிச்சத்து உதவும். இரண்டாம் வருஷம் பாதியாக்குங்கள். மண்ணைப் பிடித்துப் பார்த்தால் பொலபொலவென்று உதிர்கிறது, மண்புழு எச்சம் பாத்தி மேல் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

மாடித் தோட்டத்துக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர், கும்பகோணம் நகரத்து மொட்டை மாடியில் பஞ்சகவ்ய டிரம் வைத்தால் பக்கத்து வீட்டோடு சண்டைதான் மிச்சம். தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பையில் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மண்புழு உரம் மூன்றில் ஒரு பங்காவது கலக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து மாதம் இரண்டு முறை ஊற்றலாம். நார்க்கழிவை நிரப்பும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்குவது முக்கியம்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒழுக்கம். மூட்டை வீட்டில் இருந்தால் கை போய்க்கொண்டே இருக்கும். மூட்டை வாங்காதீர்கள், தெரிந்த விவசாயியிடம் ஒரு கிலோ கேட்டு வாங்கி, மூடிய டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். அசோஸ்பைரில்லம் மாதிரி உயிர் உரமோ, நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையோ போடுகிறவர்கள் அவற்றை ரசாயன உரத்தோடு ஒன்றாகக் கலக்கக் கூடாது. பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | முழுக்க இயற்கை | உரமும் மருந்தும் | எரு, அளவான உரம், மருந்தில்லை |
|---|---|---|---|
| முதல் பருவக் காய் | பழைய மண்ணில் நன்று, புது மனையில் மெலிவு | நன்று | நன்று |
| மூன்றாம் வருஷ மண் | கறுத்துப் பொலபொலக்கும் | எரு சேர்க்காவிட்டால் இறுகும் | எருவைக் குறைக்காதவரை நன்று |
| கை நேரம் | தினமும் வேண்டும் | குறைவு | தினம் ஒரு சுற்று |
| கைக்காசு | எரு சொந்தமென்றால் மிகக் குறைவு, வாங்கினால் அதிகம் | உரம் மலிவு, மருந்தும் தெளிப்பானும் கூடுதல் | நடுத்தரம் |
| உப்பு மண், உப்புத் தண்ணீர் | சிறந்தது | வேண்டாம் | மிகக் கவனம் |
| வீட்டுக்குள் ஆபத்து | அநேகமாக இல்லை | உண்டு | குறைவு |

## காய்க்குக் காய் மாறும்

கீரை, முருங்கை, அவரை, கொத்தவரை, சுரை, பரங்கி, சேம்பு, கருணை எல்லாம் எருவிலேயே நன்றாக வரும். இவற்றுக்கு உரம் தேடுவது வீண். மிளகாயும் கத்தரியும் தினம் பார்த்துக்கொண்டால் இயற்கை வழியில் வரும், பார்க்காவிட்டால் வராது. தக்காளி டெல்டாவில் மழைக்காலத்தில் எந்த முறையிலும் பாடாய்ப் படுத்தும். அதைத் தையில் நடுங்கள்.

வெண்டை தனி. இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகி, காயும் வெளுத்துச் சிறுத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்பு மஞ்சள் வைரஸ். வந்த செடிக்கு உரமும் மருந்தும் கரைசலும் எதுவும் பலிக்காது. பிடுங்கி எடுத்துவிட வேண்டும். இந்த நோயைத் தாங்கும் ரகத்தின் விதையாகக் கேட்டு வாங்குவதும், கோடையில் வெண்டையைத் தவிர்ப்பதும்தான் வழி. காலிஃபிளவரையும் முட்டைக்கோஸையும் விட்டுவிடுங்கள். நம் வெயிலில் அவற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

வயலை ஒட்டிய கொல்லைகளுக்கு ஒரு எச்சரிக்கை. குறுவை நெல் பருவத்தில் பக்கத்து வயலுக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கும் நாளில் காற்று உங்கள் பக்கம் வீசினால், தக்காளியும் கத்தரியும் இலை சுருண்டு, கொழுந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை வைரஸ் என்று நினைத்துச் சிலர் மருந்து அடிக்கிறார்கள். வயல்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, அடிக்கும் நாளில் காற்றுத் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். வரப்போரம் அகத்தியோ கிளுவையோ நெருக்கி நட்டால் ஓரளவு தடுக்கும்.

## முடிவெடுக்கும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள்

எந்த வழி என்று இன்னும் தயங்குகிறவர்கள் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கொல்லையில் ஐந்தாறு இடத்தில் மேலே உள்ள குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, அந்தச் சரிவில் இருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி அரைக் கிலோ துணிப்பையில் போட்டால் போதும். எருக்குழி ஓரத்திலும் மரத்தடியிலும் எடுக்காதீர்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கோ, நீடாமங்கலம், சிக்கல் மாதிரி இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோனால் வழி சொல்வார்கள். போர் தண்ணீர் என்றால் ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

அறிக்கையில் கார அமில நிலை ஆறரையில் இருந்து ஏழரைக்குள்ளும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் ஒன்றுக்குள்ளும் இருந்தால் முதல் வழியோ மூன்றாம் வழியோ உங்கள் வசதிப்படி போகலாம். மின்கடத்துத் திறன் அதற்கு மேல் போனால் உரத்தை மறந்துவிட்டு எருவையும் பசுந்தாளையும் பிடித்துக்கொள்ளுங்கள். காரம் எட்டரையைத் தாண்டினால் ஜிப்சம் எவ்வளவு என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த மாதிரி மண்ணில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. யூரியா போட்டுத் தீராது, அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளிக்க வேண்டும்.

அறிக்கை வர நாளாகும். அதுவரை நிலத்தைச் சும்மா போட வேண்டாம். வைகாசியில் ஒரு மழை பெய்ததும் பாத்தி முழுக்கத் தக்கைப்பூண்டு விதையைத் தூவிவிடுங்கள். 45 நாளில் இடுப்பளவு வந்து பூவெடுக்கத் தொடங்கும். தண்டு முற்றும் முன் வெட்டி, துண்டாக்கி, மண்வெட்டியால் புரட்டி மூடுங்கள். இரண்டு வாரம் மக்க விட்டால் ஆடிப்பட்ட விதைப்புக்குப் பாத்தி தயார்.